எங்கள் வீட்டில் மூன்று பியானோக்காரர்கள்

பாகூர் வாசகசாலைத் தலைவரே, ஆண்டு விழா மேடையில் என் மனைவியைப் பற்றி நீங்கள் சொன்னது பொய். பொய் என்று தெரிந்தே சொன்னீர்கள். அவளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னீர்கள்.

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. நான் கரும்பும் நெல்லும் போடுகிறவன். பாகூர் ஏரித் தண்ணீரில் பிழைக்கிறவன். சங்கீதம் தெரிந்தவன் என்று நான் எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் ஒரே ஒரு பியானோ கொன்செர்த்தோவை மூன்று பேர் வாசித்துக் கேட்டிருக்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டு கிராமபோன் ஊசியை எங்கே வைத்தாலும் மூன்று பேரில் எவன் வாசிக்கிறான் என்று சொல்லிவிடுவேன். இந்த வித்தை எனக்கு என் மனைவியால் வந்தது. எப்படி வந்தது என்று முழுதாக எழுதினால்தான் நீங்கள் சொன்னது எத்தனை பெரிய பொய் என்று படிக்கிறவர்களுக்கு விளங்கும்.

கொன்செர்த்தோ என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒருவன் பியானோ முன்னால் உட்கார்ந்திருப்பான். அவனைச் சுற்றி ஒரு பெரிய கூட்டம் பிடிலும் குழலும் வைத்துக்கொண்டிருக்கும். அவன் ஒன்று சொல்வான், கூட்டம் ஒன்று சொல்லும். சண்டை வரும், சமாதானம் வரும். நடுவில் ஒரு பாகம் மெதுவாகப் போகும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இதற்கு மேல் தேவைப்பட்டதும் இல்லை.

என் மனைவி சைகோனில் வளர்ந்தவள். அவள் அப்பா அங்கே சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தார். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தாள். வசதியான வீட்டுப் பெண்களுக்குப் பியானோ; இவளைப் போன்றவர்களுக்குத் தையல். தையல் அறைக்கும் பியானோ அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு கன்னியாஸ்திரி தினமும் ஒரே ஒரு மெதுவான துண்டை வாசிப்பாராம். பூ பின்னிக்கொண்டே இவள் அதைக் கேட்டிருக்கிறாள். அது என்ன, யார் செய்தது, முன்னும் பின்னும் ஏதாவது உண்டா என்று அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு எப்போதாவது முறத்தில் அரிசி புடைக்கும்போது அதை முனகுவாள். எனக்கு அது ஏதோ மாதா கோயில் பாட்டு என்று நினைப்பு.

யுத்தத்துக்கு முந்தி ஒரு மழைக்காலம். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்கார என்ஜினீயர் சீமைக்குத் திரும்பிப் போகிறார், வீட்டுச் சாமான்களை ஏலம் விடுகிறார் என்று கேள்விப்பட்டேன். அவரிடம் தண்ணீர் இறைக்கிற பம்பு ஒன்று இருந்தது. அதற்காகத்தான் வண்டி கட்டினேன். இவளும் டவுன் பார்க்க வருகிறேன் என்று ஏறிக்கொண்டாள்.

அங்கே ஏலக்காரன் ஒரு கிராமபோனுக்குச் சாவி கொடுத்து, ஓடுகிறது என்று காட்டுவதற்காகக் கையில் அகப்பட்ட இசைத்தட்டை வைத்தான். பியானோ மெதுவாகத் தொடங்கியது. என் முழங்கையைப் பிடித்தாள் பாருங்கள், நகம் பதிந்துவிட்டது.

"இன்னாமே? இன்னா ஆச்சி?"

"இது எனக்குத் தெரியும்."

"இன்னாது தெரியும்?"

"சும்மா இருங்களேன். கேக்க வுடுங்க."

கூட்டத்தில் நின்றுகொண்டு அழுதாள். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. என் அக்காவோடு சண்டை போட்டபோதுகூட அழவைத்தாளே தவிர அழவில்லை. நான் பம்பை மறந்துவிட்டேன். கிராமபோனையும் அந்தத் தட்டுக் கட்டு முழுவதையும் எடுத்தேன். என்ன கொடுத்தேன் என்பது என் விஷயம்.

மொத்தம் நாலு தட்டு. பெரிய புத்தகம் மாதிரி ஒரு அட்டை, உள்ளே நாலு காகிதப் பை, ஒவ்வொரு பையிலும் ஒரு தட்டு. ஒரு பக்கம் வைத்தால் நாலு நிமிஷம் ஓடும். பிறகு திருப்பிப் போட வேண்டும். ஆக எட்டுப் பக்கம் சேர்ந்தால்தான் முழு கொன்செர்த்தோ.

புதுச்சேரியிலிருந்து எங்கள் பக்கம் வருவதற்குள் இங்கிலீஷ்காரன் நிலம் குறுக்கே வரும். எல்லைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். சாவடிக்காரன் தட்டுகளுக்கு நடுவில் பட்டு கிட்டு ஒளித்திருக்கிறோமா என்று ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தான். தூறல் அப்போதுதான் பலத்தது. அவன் கடமை, அவன் பார்த்தான். வரிசை மாறாமல் திருப்பி வைக்கவும் செய்தான். ஆனால் வீடு வந்து பார்த்தால் தட்டுகளின் நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதமெல்லாம் கூழாகிவிட்டது. எது எந்தப் பக்கம் என்று எண் போட்டிருந்தது அந்தக் காகிதத்தில்தான்.

என் அக்கா அடுத்த வீட்டில் இருப்பவள். வாசலில் நின்று பார்த்தாள்.

"பம்பு வாங்கப் போனவன் பாட்டுப் பொட்டி வாங்கிக்கினு வந்துட்டியா? ஏண்டா, இதுல தண்ணி வருமா?"

"வராது. சும்மா கெட."

"கரும்பு காஞ்சா இதப் பாடச் சொல்லு."

காகிதம் இல்லாவிட்டால் என்ன, முதல் பையில் இருப்பதை முதலில் வைப்போம், மேல்பக்கம் ஆனதும் திருப்பிப் போடுவோம், பிறகு இரண்டாம் பை என்று வைத்துக்கொண்டோம். இதில் தப்பு என்ன இருக்கிறது? புத்தகத்தை யாரும் இப்படித்தானே படிப்பார்கள், ஒரு தாளின் முன்பக்கம், பிறகு பின்பக்கம்.

அப்படிக் கேட்டால் முதல் பக்கம் ஒழுங்காகத் தொடங்கும். திருப்பிப் போட்டதும் ஒரே ஆரவாரமாக எல்லோரும் சேர்ந்து அடித்துப் பொளந்து தடால் என்று முடியும். என் அக்கா அந்த இடத்தில் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"அவ்ளோதானா?"

"முடியல அண்ணி, குந்துங்க. கோவத்துல கதவச் சாத்திக்கினு போறான். திரும்பி வருவான்," என்றாள் இவள்.

"வந்து?"

"வந்து எதுக்குக் கோவம் வந்துச்சின்னு ஒண்ணொண்ணா நெனச்சிப் பாப்பான்."

சொன்னது போலவே அடுத்த தட்டில் பியானோ திரும்பி வந்தது. கொஞ்சம் சண்டை, கொஞ்சம் சிரிப்பு, ஒன்றுக்கொன்று ஒட்டாத மாதிரி நினைவுகள். கடைசித் தட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த மெதுவான துண்டு தொடங்கும். தொடங்கி, பாதியில், ஒரு மூச்சில் நின்றுவிடும். அதுதான் முடிவு. எங்கள் வீட்டில் அந்தக் கொன்செர்த்தோ அப்படித்தான் முடிந்தது. ஊசி தட்டின் நடுவில் சரசரவென்று சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் எழுந்திருக்க மாட்டோம்.

ஆண்டுக்கணக்கில் அப்படிக் கேட்டோம். நடவு முடிந்த பகல்கள், கரும்பு ஆடாமல் நிற்கிற வெயில் நேரம், மழை பிடித்து வெளியே போக முடியாத காலைகள். நான் தூங்கிவிடுவேன் என்றுதான் முதலில் நினைத்தேன். தூங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் அவள் புருவம் ஏறும், எந்த இடத்தில் உதட்டைக் கடிப்பாள் என்று பழகிப்போனது. அப்படித்தான் எனக்குச் சங்கீதம் வந்தது. முதலில் அவள் முகம், அதற்குப் பிறகு பியானோ.

அவள் தம்பி சைகோனிலிருந்து லீவில் வந்தான். அக்காவுக்குப் பிடித்தது என்று அதே கொன்செர்த்தோவை வேறொருவன் வாசித்த தட்டுகளைக் கொண்டுவந்தான். இதில் காகிதம் சுத்தமாக இருந்தது, எண்ணும் இருந்தது. வைத்தோம். முதல் பக்கம் அதேதான். திருப்பினோம். கதவைச் சாத்திக்கொண்டு போகிற ஆரவாரம் வரவில்லை. வேறு எதுவோ வந்தது.

"இன்னாடா இவன் தப்பா வாசிக்கிறான்?" என்றாள்.

"அக்கா, நம்பர் போட்டுருக்குது பாரு. ஒண்ணு, ரெண்டு."

"நம்பர் போட்டவனுக்கு இன்னா தெரியும்?"

"பிரான்ஸ்ல போட்டவனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிப்போச்சா?"

"தெரியும். இந்த ஊட்ல எவ்ளோ நாளாக் கேக்கறோம்."

அவன் கப்பல் ஏறிப் போனதும் இவள் செய்த காரியம் இதுதான்: அந்தப் புது ஆளைத் 'திருத்தினாள்'. எங்கள் பழைய தட்டில் எது எதற்குப் பின்னால் வருகிறதோ, அதே வரிசையில் புதுத் தட்டுகளையும் வைத்தாள். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தத் தட்டை எடுத்துவிட்டுக் கடைசித் தட்டைத் தேடி வைக்க வேண்டும், பிறகு மறுபடி மேலே வர வேண்டும். ஒவ்வொரு நாலு நிமிஷத்துக்கும் எழுந்து உட்கார்ந்து செய்தாள். நாங்கள் இரண்டு பேரும் அதை ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்!

அப்போதுதான் இரண்டு ஆட்களையும் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிடத் தொடங்கினோம். முதல் ஆளுக்கு 'என்ஜினீயர்' என்று பேர் வைத்தோம், என்ஜினீயர் வீட்டிலிருந்து வந்ததால். இரண்டாமவன் 'மச்சான்', அவள் தம்பி கொண்டுவந்ததால். மச்சான் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வரப்பில் நடக்கிறவன். வேகமாகப் போவான், சேறு படாமல் போவான், நம்மைப் பார்க்க மாட்டான். என்ஜினீயர் மெதுவான துண்டில் ஓர் இடத்தில் ஒரு துளி தாமதிப்பான். ஏதோ கேட்க வந்து, கேட்கலாமா என்று நிற்கிற மாதிரி. அந்த இடம் வரும்போது அவள் என் பக்கம் திரும்பாமலே, "இங்க," என்பாள். பிறகு நானும் சொல்லப் பழகினேன். சில நாள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொல்லிவிட்டுச் சிரிப்போம்.

யுத்தம் வந்தது, கப்பல் நின்றது, இரும்பு ஊசி கிடைக்கவில்லை. வேலியில் இருந்த சப்பாத்திக்கள்ளி முள்ளைக் காயவைத்து, நுனி சீவி வைத்தாள். சத்தம் குறைந்தது, ஆனால் உறுத்தல் போய்விட்டது. ஒரு முள் ஒரு பக்கத்துக்குத்தான். அதற்கு மேல் வைத்தால் தட்டு அழியும் என்று கண்டிப்பாக இருப்பாள்.

அந்தச் சமயத்தில் ஊரைவிட்டுப் போன இன்னொரு குடும்பத்திடமிருந்து மூன்றாவது தட்டுக் கட்டு ஒன்றை நான் தேடி வாங்கினேன். இந்த மூன்றாமவன் வாசிக்கையில் ஒரே ஓர் இடத்தில் நாற்காலி முனகுவது கேட்கும். முள் போட்டால்தான் கேட்கும். 'நாற்காலிக்காரன்' என்று பேர் வைத்தோம். வாசிப்பு சுமார்தான். ஆனால் அந்த முனகலுக்காக அவள் அவனை மன்னித்துவிட்டாள். "அவனும் குந்திக்கினுதானே வாசிக்கிறான், பாவம்," என்பாள்.

நாற்காலிக்காரன் கட்டிலும் எண் இருந்தது. அவனும் எங்கள் வரிசையை விட்டுவிட்டு மச்சான் போன வழியிலேயே போனான்.

ஒரு பகல் பாயில் எல்லாத் தட்டுகளையும் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்தாள். நான் கழனியிலிருந்து வந்து கால் கழுவினேன். கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. மத்த ரெண்டு பேரு நம்பர வெச்சிப் பாத்தா, நம்ப என்ஜினீயர் மொதத் தட்டுல முன்னாடி ஒண்ணு, பின்னாடி எட்டு. ரெண்டாவது தட்டுல ரெண்டு, ஏழு. மூணாவதுல மூணு, ஆறு. கடைசில நாலு, அஞ்சி."

"அதுக்கு?"

"மேல்பக்கமா நாலையும் போட்டுக்கினே போயி, கடைசித் தட்டத் திருப்பிப் போட்டுக் கீழ்ப்பக்கமாத் திரும்பி வரணும். நாம தட்டுக்குத் தட்டு திருப்பிட்டோம்."

எனக்கு உடனே புரிந்தது. ஏர் ஓட்டுகிறவனுக்கு இது புரியாதா? இந்தக் கோடி வரை ஒரு சால், அந்தக் கோடியில் மாட்டைத் திருப்பி மறு சால். பிறகு புதுச்சேரியில் கிராமபோன் கடைக்காரரைக் கேட்டோம். தட்டுகளை அடுக்கிவைத்தால் தானே ஒவ்வொன்றாக விழுந்து பாடுகிற பெட்டி ஒன்று உண்டு, அதற்காக அப்படி அச்சடிப்பார்கள், முழு அடுக்கையும் ஒரே தடவை திருப்பினால் போதும் என்றார். அவர் சொன்னது பிறகு. கண்டுபிடித்தது இவள்.

அன்று அந்தப் பாயிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். "மச்சானப் போய்த் திருத்துனோமே! அவன் இன்னா பாவம் பண்ணான்!" கண்ணில் தண்ணீர் வர, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு என்ஜினீயரைச் சரியான வரிசையில் வைத்தோம். சைகோன் சுவருக்கு அப்பால் கேட்ட துண்டு பாதியில் நிற்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய், முழுதாக வளர்ந்து, முடிந்தது. என்ஜினீயர் கையால் அதன் மிச்சத்தை அவள் அந்த வரிசையில் கேட்டது அன்றுதான்.

"எப்பிடி?" என்றேன்.

"சரியாத்தான் இருக்குது." தட்டைப் பையில் போட்டுவிட்டு, "ஆனா நம்ப ஊட்டு முடிவும் நல்லாத்தான் இருந்துச்சி," என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு விதமாகவும் போட்டோம். வெளி ஆட்கள் வந்தால் சரியான விதம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தால் சில நாள் எங்கள் விதம்.

தலைவரே, நீங்கள் இதற்கெல்லாம் பிறகு வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வருவீர்கள். அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டீர்கள். அவள் கையால் காப்பி குடித்தீர்கள். எங்களுக்கு உங்களைப் பிடித்திருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். நன்றாகக் கேட்பீர்கள். நாற்காலி முனகலை முதல் தடவையே பிடித்துவிட்டீர்கள். அதனால்தான் வெளி ஆளிடம் சொல்லாத கதையை உங்களிடம் சொன்னாள். மச்சானைத் திருத்திய கதையை அவளே நடித்துக் காட்டினாள். சிரித்தீர்கள். "தங்கச்சி, இத நீயே எப்பிடிக் கண்டுபுடிச்ச?" என்று கேட்டதும் நீங்கள்தான். பாயில் தட்டுகளைப் பரப்பி மறுபடி செய்து காட்டினாள்.

வாசகசாலை ஆண்டு விழாவுக்கு மூன்று கட்டையும் கொண்டுவரச் சொன்னீர்கள். மூன்று பேரும் எப்படி வாசிக்கிறார்கள் என்று அவளே எழுந்து சபைக்குச் சொல்ல வேண்டும் என்றீர்கள். எத்தனை நாள் தயார் செய்தாள் தெரியுமா? மாட்டுக்குத் தவிடு வைத்துக்கொண்டே பேசிப் பார்ப்பாள். "பெரியோர்களே"ன்னு ஆரம்பிக்கட்டுமா, "சபையோர்களே"ன்னு ஆரம்பிக்கட்டுமா என்று என்னைக் கேட்பாள். மாட்டைக் கேள் என்பேன். நல்ல முள்ளாகப் பொறுக்கித் தனி டப்பாவில் வைத்தாள். கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டாள்.

நீங்கள் அவளைக் கூப்பிடவே இல்லை. நீங்களே எழுந்தீர்கள். "இந்த அம்மாள் வருஷக்கணக்காக இதைத் தலைகீழாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சரியாக வாசித்தவரையும் தலைகீழாக்கினார். நான் போய்ச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது," என்றீர்கள். சபை சிரித்தது. பின்னாலிருந்து எவனோ, "தலகீழ் அம்மா!" என்றான். அதற்கும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு நீங்களே தட்டை வைத்தீர்கள், நீங்களே மூன்று பேரைப் பற்றியும் பேசினீர்கள். பேசியது எல்லாம் அவள் சொன்னது. வரப்பு, புதுச் செருப்பு எல்லாம்.

வண்டியில் திரும்பும்போது மூன்று கட்டையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கரை வரை டப்பாவில் மிச்சமிருந்த முள்ளை எண்ணிக்கொண்டு வந்தாள். பிறகு, "ஒரே முள்ளுல ரெண்டு பக்கம் போட்டுட்டாரு, பாத்தீங்களா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் மாட்டை அடித்தேன். அதற்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

வீட்டுக்கு வந்ததும் கிராமபோன்மேல் துணியைப் போர்த்தினாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. தெருவில் பிள்ளைகள் 'தலகீழ் அம்மா' என்று கத்திக்கொண்டு ஓடும். என் அக்கா ஒரு நாள் விளக்குமாற்றோடு பாகூர் வரை போகக் கிளம்பிவிட்டாள். நான்தான் பிடித்து நிறுத்தினேன். "ஒனக்கு ரோஷம் இல்லடா," என்று என்னைத் திட்டினாள்.

போன வாரம் நானே துணியை எடுத்தேன். சாவி கொடுத்து என்ஜினீயரை வைத்தேன். வேண்டுமென்றே தப்பும் தவறுமாக வைத்தேன், எந்த வரிசையிலும் சேராமல், மூன்றுக்குப் பிறகு எட்டு, எட்டுக்குப் பிறகு ஒன்று. என் மனைவி எழுந்து வந்து என் கையைத் தட்டிவிட்டு, "தள்ளுங்க, ஒங்களுக்குத் தெரியல," என்று சொல்வாள் என்று பார்த்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த மெதுவான துண்டில், என்ஜினீயர் தாமதிக்கிற இடத்தில், "இங்க," என்றேன். தனியாகச் சொன்னேன். அவள் விரல் அரிசியில் நின்றது. மறுபடி பொறுக்கத் தொடங்கியது.

இந்த வீட்டில் மாடு கத்தும், அக்கா கத்துவாள், நான் கத்துவேன். எல்லாம் இருக்கிறது. அவள் முனகல் இல்லை. சைகோனிலிருந்து கூடவே வந்தது அது. அரிசி புடைக்கும்போதுகூட இப்போது இல்லை.

உங்கள் வீட்டுக்கு வந்து கேட்டேன். "சிரிப்புக்குச் சொன்னதுபா, இதப் போயி பெருசு பண்றியே," என்றீர்கள். தங்கச்சியிடம் வந்து தனியாக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்றீர்கள். வேண்டாம். என் வீட்டுக்கு வராதீர்கள். அவள் என்னிடம், "வுடுங்க, போனாப் போவுது," என்கிறாள். நான் விடப் போவதில்லை.

அடுத்த கூட்டம் அறுவடை முடிந்து நடக்கும் என்று வாசகசாலை வாசலில் எழுதிப் போட்டிருக்கிறீர்கள். அன்று அவளை நான் அழைத்து வருவேன். வரமாட்டேன் என்றால் நான் மட்டுமாவது வந்து முன்வரிசையில் உட்காருவேன். அதே மேடை, அதே ஆட்கள். தட்டின் வரிசையைக் கண்டுபிடித்தது யார்? நீங்கள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்களா, அவள் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாளா? எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, பதில் சொல்லுங்கள்.